கருமாதி வீட்டில் கேட்காமல் விட்ட கேள்வி

உயிரோடு இருந்த ஒரு பெண்ணை இறந்துவிட்டாள் என்று நான் எழுதினேன். இறந்த தேதியையும் சேர்த்தே எழுதினேன். அந்த எழுத்தை நம்பி எங்கள் ஆஸ்பத்திரி அவளை ஒன்றரை வருஷம் மறந்திருந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று பிரிவில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. முழங்கால் போய் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். நோயாளிகளின் கார்டை எப்படி நிரப்புவது, எந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் அந்த ஒரு கார்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். அப்போது எங்கள் பெரிய டாக்டரம்மா ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினார். பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்றுநோய் வந்து, இங்கே ஆபரேஷன் செய்துகொண்டு ஊருக்குப் போகிறவர்கள் எத்தனை வருஷம் இருக்கிறார்கள்? யார் நீடித்து இருக்கிறார்கள், யார் சீக்கிரம் போய்விடுகிறார்கள்? ஆணா பெண்ணா, வயசு என்ன, என்ன தொழில், படிப்பு உண்டா, ஊர் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு போட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்களுக்குத் தபால் கார்டு போகும், இன்ன தேதிக்கு வந்து காட்டவும் என்று. தொடர்ந்து இரண்டு தபாலுக்கு வராதவர்களை ஊருக்கே போய்ப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும். எனக்குப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வழி தெரியும் என்பதால் ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னை எடுத்து இதில் போட்டார்கள்.

முதல் வருஷமே எனக்கு அடி விழப் பார்த்தது. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கோயில் திருநாளுக்குக் குடும்பமே புதுத்துணி உடுத்திக் கிளம்பி நின்றது. நான் வாசலில் நின்று கார்டில் இருந்த பெயரைச் சொல்லி, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தன் வாசலில் நின்று சாவு விசாரிக்கிறான் என்று தெரு கூடிவிட்டது. கார்டுக்கு உரிய மனிதர் உள்ளேயிருந்து வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தார். "ஏய்யா, நான் போயிட்டா ஒனக்கு ஆஸ்பத்திரியில சம்பளம் ஏத்துறாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எப்படி பஸ் ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகினேன். ஆண் நோயாளி என்றால் வீட்டுக்காரி நெற்றியைப் பார்ப்பேன். பெண் நோயாளி என்றால் புருஷன் தலையையும் மகன் தலையையும் பார்ப்பேன். கோயில் மொட்டைக்குச் சந்தனம் பூசியிருக்கும். சாவு மொட்டைக்கு இருக்காது. அடுப்பங்கரையில் யார் இருக்கிறார்கள், கொடியில் யார் துணி காய்கிறது என்று பார்ப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்த்துவிட்டு வருகிறான் என்று ஆபீஸில் பெயர் கிடைத்தது. நானும் அதைத் திறமை என்றே நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலை மிதிப்பதற்கு முன்னாலேயே என் மனசு பாதி கார்டை எழுதி முடித்திருக்கும். வாத்தியார், கணக்குப்பிள்ளை, டவுனில் கடை வைத்திருப்பவர் என்றால் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு போவேன். கூலி வேலை, படிப்பு இல்லை, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர் என்றால் நடக்கும்போதே மனசு வேறு பக்கம் சாய்ந்துவிடும். அதிலும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸில் எல்லோரும் இப்படித்தான் நினைத்தோம்.

அந்தக் கார்டில் இருந்த பெயர் பவுனாம்பாள். பெண். வயசு ஐம்பது. கூலி. படிப்பு இல்லை. கணவர் கலியபெருமாள். ஊர் குன்னத்துக்கு அந்தப் பக்கம், பருத்தியும் வெங்காயமும் போடுகிற மானாவாரி பூமி. மலக்குடலில் கட்டி. ஆபரேஷன் செய்து, மலம் போவதற்கு வயிற்றின் இடது பக்கத்தில் வழி வைத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காக வந்து காட்டியவள், கடைசி இரண்டு தபாலுக்கு வரவில்லை.

நான் போனபோது உச்சி வெயில். தெருமுனையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டு முன்னால் கீற்றுப் பந்தல். உள்ளே கும்பல். கலியபெருமாள் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக மழித்த தலையோடு, தோளில் துண்டோடு ஒருவர் வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் விளக்கு எரிந்தது. விளக்குக்கு முன்னால் இலையில் படையல். பக்கத்தில் மடித்து வைத்த ஒரு நூல் சேலை. பெண்ணுக்கு நடக்கிற கருமாதி.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். "அவ்ளோ தூரத்துலேருந்தா வர்றீங்க? மொதல்ல ஒக்காந்து சாப்புடுங்க, மத்ததெல்லாம் அப்பறம்" என்று பந்தியில் உட்கார வைத்தார். கருமாதிச் சோற்றை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. உட்கார்ந்தேன். கடைசிப் பந்தி. பரிமாறியவர்கள் வீட்டுப் பெண்கள். ஒருத்தி ரசம் ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா அண்ணே என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். தெரியாத பெண்களை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் கையில் இருந்த பித்தளைக் கரண்டி வரைக்கும்தான் பார்த்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவினேன். கருமாதி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது கிடையாது. சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கார்டை எடுத்தேன். இறந்த தேதி என்று ஒரு கட்டம். அதை யாரையும் கேட்கவில்லையே என்று அப்போது ஒரு விநாடி திக்கென்றது. பிறகு யோசனை வந்தது. கருமாதி என்றால் பதினாறாம் நாள். விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணினேன். ஒரு தேதி கிடைத்தது. எழுதினேன்.

டாக்டரம்மா அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். மற்றவர்கள் மாசத்தை மட்டும் எழுதுகிறார்கள், நீங்கள் தேதி வரை விசாரித்து வந்திருக்கிறீர்கள் என்றார். எண்ணிப் போட்ட தேதி என்று சொல்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டேன். தேதி பேரேட்டில் ஏறியது; கார்டு, இறந்தவர்களின் கார்டுகளை வைக்கிற பின்னறைக்குப் போயிற்று. பவுனாம்பாளுக்குப் போகிற தபால் நின்றது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை வேளையில், சீட்டுப் பதிகிற இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டுப் பதிபவர் என் வயசுக்காரர், கேலியாகப் பேசுவார். "ஓய், உங்க ஊர்ப் பக்கத்து ஆளு ஒண்ணு வந்துருக்கு. செத்தவ சீட்டைக் கொண்டாந்து நான்தான் அவன்னு நிக்குது. நீரே வந்து பேசும்" என்றார். அப்போதெல்லாம் புதுச் சீட்டு வரிசை நீளமாக இருக்கும் என்று, சொந்தக்காரர்களின் பழைய சீட்டைக் கொண்டு வந்து காட்டுகிறவர்கள் உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இளைத்த பெண் ஒருத்தி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பைச் சாய்த்து ஒரு காலில் பாரம் போட்டிருந்தாள். பக்கத்தில் புருஷன், கையில் மஞ்சள் பை. காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார்களாம், அப்போது பதினொன்று. சீட்டுப் பதிபவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டி, இதோ பார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்தாச்சு, தேதி போட்டிருக்கு, கையெழுத்து இருக்கு, யாரை ஏமாத்துற என்று மறுபடியும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சேலையை விலக்கி, இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். வயிற்றின் இடது பக்கம் டாக்டரம்மா வைத்த வழி சிவப்பாகத் தெரிந்தது. அவளுடைய தெருவில் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட அதை அவள் காட்டியதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"செத்தவளுக்கு இது இருக்குமா, பாத்துச் சொல்லுங்க."

சீட்டுப் பதிபவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கலியபெருமாள் மஞ்சள் பையைத் தூக்கி அவளை மறைத்தார். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. தெரிந்தவர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்கிற தெளிவு.

"இந்த அண்ணன கேளுங்களேன். எங்க மாமியா கருமாதிக்கு வந்தாரு. நான்தான் இவருக்குச் சோறு போட்டேன்."

பித்தளைக் கரண்டி பிடித்திருந்த கை மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது. மொட்டை போட்டிருந்தவர் தன் அம்மாவுக்குப் போட்டிருந்தார். அந்தச் சேலை அந்தக் கிழவியுடையது. யாராவது ஒருவரிடம், யாருக்குங்க காரியம் என்று நான் கேட்டிருந்தால் போதும். இரண்டு வார்த்தை.

டாக்டரம்மா அவளை உடனே உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். வயசு என்ன என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பிறந்த ஊர் எது என்று கேட்டபோது, அரியலூருக்கு இந்தப் பக்கம் மருதையாற்றங்கரை என்றாள். "ரயிலு ஆத்துல வுழுந்தப்ப எனக்கு ஆறு வயசு இருக்கும்ங்க. எங்கப்பா மழையோட ஓடுனது ஞாபகம் இருக்கு" என்றாள். அரியலூர் ரயில் விபத்து நடந்தது ஐம்பத்தாறாம் வருஷம்; டாக்டரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தைந்து. முதன்முதலில் வந்தபோது ரத்தம் போய்ப் போய் வற்றிக் கிடந்தவளைப் பார்த்து, யாரோ முகத்தை வைத்து ஐம்பது என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதுவோம். அந்த ஐம்பதை நம்பித்தான் அன்று அந்த வீட்டில், வயசானவர்கள் கட்டுகிற நூல் சேலையைப் பார்த்தும் சந்தேகப்படாமல், ஒரு கிழவியின் சாவை அவளுடைய சாவாக நான் எடுத்துக்கொண்டேன்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா என்னை அழைத்தார்.

"நேர்ல பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலம்மா."

"இந்தத் தேதி?"

பதினாறு நாள் கணக்கைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பேரேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பல மாதமாக அவர் ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, யார் யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று எழுதிவந்தார். அந்தத் தாளையும் எடுத்து மேஜையில் விரித்தார்.

"கூலி வேலை, படிக்காதவங்க, தூரத்து ஊர், பொம்பளைங்க. இவங்க எல்லாம் சீக்கிரம் செத்துடுறாங்கன்னு இது காட்டுது. செத்தாங்களா, இல்ல நீங்க எழுதினீங்களா?"

நான் ஒரு பெண்ணை மட்டும் தப்பாக எழுதவில்லை. ஏழைகள் பிழைக்க மாட்டார்கள் என்று மனசில் வைத்துக்கொண்டு போய், அதையே கார்டில் எழுதி, அதையே அவர் கையில் கணக்காகக் கொடுத்திருந்தேன். அந்தக் கணக்கைப் பார்த்து நாளைக்கு இன்னொரு டாக்டர், இப்படிப்பட்டவளுக்கு ஆபரேஷன் செய்து என்ன பயன் என்று நினைத்திருக்கலாம்.

பவுனாம்பாளுக்கு நோய் திரும்ப வந்திருந்தது. பழைய இடத்துக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி. மறுபடி வெட்டி எடுக்க முடியாத இடம் என்றார். நாங்கள் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தால் வலி குறையும், கொஞ்ச காலம் தள்ளும். அப்போதே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா முடிக்க விடவில்லை. "தெரியாது. வந்திருந்தா பாத்துருப்பேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார்.

வெளியே ஆபீஸ் சூப்பர்வைசர் காத்திருந்தார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்ற நினைத்தார். தபாலில் கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு, அவர்களுக்குப் படிக்கவா தெரியும், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார். சீட்டுப் பதிபவரும் பேச மாட்டார். டாக்டரம்மாவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு எப்போதும் வருகிற காரியம்.

இரண்டு நாள் அவள் வார்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கலியபெருமாள் டீ வாங்கப் போயிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உங்கள் மாமியார் கருமாதியை உங்களுடையது என்று நினைத்துவிட்டேன், நான்தான் அப்படி எழுதினேன், அதனால்தான் கார்டு வரவில்லை. இவ்வளவுதான். சொல்லி முடிக்க முடியாமல் நடுவில் இரண்டு தடவை நின்றேன்.

அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு கேட்டாள்.

"சோறு போட்டவ மூஞ்சியப் பாக்காம எப்புடிங்க சாப்புட்டீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. மெதுவாகவே சொன்னாள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வர முடியவில்லையாம். காரியம் முடிந்ததும் அடுத்த கார்டுக்கு வந்துவிடலாம் என்று இருந்தாளாம். கார்டு வரவில்லை.

"நீங்களே வூடு தேடி வந்து, என்னை நேர்ல பாத்துட்டுப் போனீங்கள்ல. நல்லா எழுந்து நடமாடுறா, இனிமே வர வேணாம்னு எழுதிப்புட்டீங்கன்னு நெனச்சேன். முதுகு வலிக்க ஆரம்பிச்சப்பக்கூட, ஏதாச்சும் இருந்தா கார்டு போட மாட்டாங்களா, அவங்களுக்குத் தெரியாதான்னு ஆறு மாசம் இருந்துட்டேன்."

கலியபெருமாள் டீயோடு வந்தார். அவள் அவரிடம் என்னைக் காட்டி, "அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் இதை எழுதவில்லை. அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த டீயைக் குடிக்க வேண்டியிருந்தது, குடித்தேன்.

அவளுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த வாரங்களில் டாக்டரம்மா என்னைப் பழைய கார்டுகளோடு மறுபடி ஊருக்கு அனுப்பினார். இறந்துவிட்டார் என்று நான் எழுதிய ஒவ்வொரு வீட்டுக்கும். கார்டில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருந்தார்: சொன்னவர் யார், அவர் நோயாளிக்கு என்ன உறவு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கார்டை வாங்க மாட்டேன் என்றார். வாசலில் நின்று வாய் திறந்து கேட்டேன். வசவு வாங்கினேன். சில வீடுகளில் பழைய துக்கத்தைக் கிளறிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காட்டில் ஒருவர் காவல் இருந்தார். வீடு பூட்டிக் கிடந்ததையும் மகன் மொட்டையையும் பார்த்து அவரை நான் முடித்திருந்தேன். மகன் வேறு யாருக்கோ போட்ட மொட்டை. அவர் என் கார்டைப் பார்த்துச் சிரித்தார். "எமன் என்னை மறந்துட்டான்னு சந்தோசமா இருந்தேன், நீங்க ஞாபகம் வச்சுருக்கீங்களே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று என்றால் தவறு. இரண்டு என்றால் அது என் வேலை செய்கிற விதம்.

பவுனாம்பாள் ஊருக்குப் போனாள். வலி குறைந்திருந்தது. தபால் போடாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானே போனேன். என்னைத் தெருவில் பார்த்ததும், "வந்துட்டாருடி, நான் இருக்கேனா இல்லையான்னு பாக்க" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். பிறகு என் எதிரில் வந்து நின்று, "நல்லா நிமுந்து பாத்துக்கங்க" என்பாள். கேலிதான். ஆனால் நான் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நகர மாட்டாள். ஒரு தடவை பருத்திக் காட்டில் இருந்தாள். ஒரு தடவை வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை கட்டிலில் இருந்தாள். அப்போதும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள்.

அதற்கு அடுத்த முறை போக எனக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு வரிசைக்கு வெளியே கலியபெருமாள் நின்றுகொண்டிருந்தார். தனியாக. கையில் பை இல்லை. சவரம் செய்யாத முகம். துக்க வீட்டு ஆள் காரியம் முடிகிறவரை ஊர் எல்லை தாண்டிப் போவதில்லை. அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

நான் கேட்டேன். நேராகக் கேட்டேன், என்னங்க ஆச்சு என்று.

"முந்தாநாளு வியாழக்கெழமைங்க. காலைல அரியலூர் பஸ்ஸு போற நேரம். பாலு தெளிச்சுட்டு நேரா வர்றேன்" என்றார். பிறகு சொன்னார்: "அதுதான் சொல்லுச்சு. யாரையும் நம்பாத, தபால்ல எழுதாத, நீயே நேர்ல போயி அந்த அண்ணங்கிட்ட சொல்லிட்டு வா, இந்தத் தடவ சரியா எழுதச் சொல்லுன்னு."

என் மேஜைக்குக் கூட்டிப் போனேன். கார்டை எடுத்தேன். பழைய தேதியின் மேல் டாக்டரம்மா அடித்த கோடு இருந்தது. அதற்குக் கீழே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதியதால் நேரம் ஆயிற்று. அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னேன், வேண்டாம் என்றார்.

"எழுதுனதப் படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். பவுனாம்பாள், வயசு முப்பத்தாறு, கூலி. ஊரைச் சொன்னேன். கிழமையையும் தேதியையும் காலை நேரத்தையும் சொன்னேன். சொன்னவர் கலியபெருமாள், கணவர் என்று முடித்தேன்.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு முறை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.